மேகா-ட்ராபிக்ஸ் செயற்கைக்கோள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகா-ட்ராபிக்ஸ் யாருடைய செயற்கைக்கோள்? எதற்காக அனுப்பினார்கள்?

இஸ்ரோவும் பிரான்ஸின் விண்வெளி அமைப்பான சிஎன்இஎஸ்-உம் சேர்ந்து செய்தது. 2011 அக்டோபர் 12 அன்று காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி18 ராக்கெட்டில் கிளம்பியது. எடை சுமார் 1000 கிலோ. தரையிலிருந்து 867 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 102 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று பூமியைச் சுற்றியது. செயற்கைக்கோளின் உடலும் ராக்கெட்டும் இந்தியாவுடையவை, மேலே போனபின் அதை இயக்கியதும் இந்தியாதான். கருவிகளில் பெரும்பங்கு பிரான்ஸுடையது.

வேலை ஒன்றுதான். நிலநடுக்கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் வெப்பமண்டலத்தில் நீராவி எப்படி ஏறுகிறது, எங்கே மேகமாகிறது, எங்கே மழையாக இறங்குகிறது, அந்தப் போக்கில் வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்று கவனிப்பது. முதலில் போட்ட திட்டம் சில ஆண்டுகளுக்குத்தான். ஆனால் 2021 வரை அதிலிருந்து தரவு வந்தது.

வானிலைக்கு ஏற்கெனவே எத்தனையோ செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே. வெப்பமண்டலத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டுமா?

வேண்டும். எப்படி என்று பார்க்க, இருக்கும் செயற்கைக்கோள்கள் எங்கே நிற்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்சாட் வகை செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்றபடி ஒரே இடத்துக்கு மேலே நிற்கின்றன. தொலைக்காட்சியில் புயல் செய்தியின்போது காட்டும் மேகப்படம் அவற்றிலிருந்து வருவது. அரை மணிக்கு ஒரு படம்கூட எடுத்துவிடலாம். ஆனால் அவ்வளவு தொலைவிலிருந்து பெரும்பாலும் மேகத்தின் உச்சி மட்டும்தான் தெரியும், அடியில் மழை எவ்வளவு என்பது தெரியாது.

இன்னொரு வகை, துருவங்கள் வழியாகச் சுற்றுபவை. 800 கி.மீ. அளவு உயரத்தில் போவதால் மைக்ரோவேவ் கருவிகளை வைத்து மேகத்துக்குள்ளேயே பார்க்க முடியும். ஆனால் அவற்றின் பாதைகள் எல்லாம் துருவத்துக்கு அருகில் ஒன்றுகூடி, நிலநடுக்கோட்டில் விலகி நிற்கும். யாரும் இல்லாத பனிப்பிரதேசத்தை அவை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கும், நம் ஊர்களை நாளுக்கு ஓரிரு முறைதான் பார்க்கும். அதுவும் இரண்டு பாதைகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தால் சில இடங்கள் அன்றைக்கு விட்டே போகும்.

வெப்பமண்டல மழையோ வேகமானது. மதியம் ஒரு மணிக்கு வெறும் வானம், மூன்று மணிக்கு இடிமேகம், ஐந்து மணிக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்துவிடும். நாளுக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கும் ஒன்று அந்த மழையைப் பார்க்காமலே போக வாய்ப்பு அதிகம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 23.4 டிகிரி அட்சரேகை வரையுள்ள பகுதியே பூமியின் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம். அவ்வளவு பெரிய பரப்பை அரைகுறையாகப் பார்த்துக்கொண்டு உலகக் காலநிலையைப் புரிந்துகொள்ள முடியாது.

வெப்பமண்டல மழை உலகத்துக்கே ஏன் அவ்வளவு முக்கியம்?

மழை என்பது தண்ணீர் மட்டும் அல்ல, வெப்பமும்தான். ஒரு கிலோ நீராவி குளிர்ந்து நீராகும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெப்பம் காற்றில் வெளிவருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 செ.மீ. மழை என்றால் அது 10,000 டன் தண்ணீர். அவ்வளவு நீர் மேகத்தில் உருவானபோது வெளிவந்த வெப்பம் ஏறக்குறைய 70 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஒரே சதுர கிலோமீட்டர், ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை!

சூரியன் கடலில் கொட்டும் வெப்பத்தை நீராவி சுமந்துகொண்டு மேலே போய், பல கி.மீ. உயரத்தில் விடுவிக்கிறது. பூமியின் பெரிய காற்றோட்டங்களை ஓட்டுவதில் இந்த வெப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பருவக்காற்று, புயல்கள், 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக்கை நோக்கி நகரும் மேக, மழைக் கூட்டமான மேடன்-ஜூலியன் அலைவு என்று எதை எடுத்தாலும், மேகத்துக்குள் வெளிவரும் வெப்பம் எவ்வளவு, எந்த உயரத்தில் என்ற கேள்வி வந்து நிற்கும்.

20 டிகிரி சாய்வு என்கிறார்களே, அது என்ன?

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். செயற்கைக்கோளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே சாய்வு. துருவச் செயற்கைக்கோள்களுக்கு அது 98 டிகிரி அளவில் இருக்கும். மேகா-ட்ராபிக்ஸுக்கு வெறும் 20 டிகிரி. அதாவது வடக்கே 20 டிகிரிக்கு மேலும் தெற்கே 20 டிகிரிக்குக் கீழும் அது போகவே போகாது. நாளுக்கு 14 சுற்று, எல்லாமே வெப்பமண்டலத்துக்கு மேலே.

அதன் கருவிகள் சுமார் 1700 கி.மீ. அகலத்துக்குப் பார்த்தன. பாதையின் இரண்டு பக்கமும் 850 கி.மீ., அதாவது ஏழரை டிகிரி. பாதை வடக்கே 20 டிகிரியைத் தொட்டுத் திரும்பும்போது, பார்வையின் தெற்கு ஓரம் 12, 13 டிகிரியில் விழும். ஆகவே 13 டிகிரியை ஒட்டிய இடங்கள்தான் மிக அதிக முறை கண்ணில் பட்டன, நாளுக்கு 5, 6 தடவைகூட. சென்னையும் பெங்களூரும் அந்தக் கோட்டில்தான் இருக்கின்றன. மற்ற வெப்பமண்டல இடங்களுக்கு 3 முறையாவது கிடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த 5, 6 முறையும் நாள் முழுக்கச் சீராகப் பரவி வராது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் அடுத்தடுத்து வரும், அப்புறம் அரை நாள் அளவுக்கு ஆளே இருக்காது. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு மேகக்கூட்டத்தைத் தொடர்ந்து பார்க்க இந்த ஏற்பாடு ஒருவகையில் நல்லதுதான். பிறந்ததிலிருந்து கலைவது வரை ஒரே கருவியால் பின்தொடர முடிகிறது.

தினமும் அதே நேரத்துக்கு வருமா?

வராது, வரவும் கூடாது என்றுதான் அப்படி அமைத்தார்கள். பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதால் செயற்கைக்கோளின் பாதைத்தளம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். சூரியனோடு ஒப்பிட்டால் மேகா-ட்ராபிக்ஸின் பாதை நாளுக்கு 7 டிகிரி அளவு நகர்ந்தது. 51 நாளில் ஒரு முழு வட்டம். அதற்குள் ஒவ்வோர் இடத்தையும் விடியற்காலை, நண்பகல், நள்ளிரவு என்று எல்லா நேரத்திலும் பார்த்து முடித்திருக்கும். நிலத்தில் பெரும்பாலும் மாலை மழை, கடலில் பல இடங்களில் பின்னிரவு மழை. இந்தத் தினசரி ஓட்டத்தைக் குறிப்பிட்ட ஒரே நேரத்தில் கடக்கும் செயற்கைக்கோளால் பிடிக்க முடியாது.

என்னென்ன கருவிகள் இருந்தன?

நான்கு. மெட்ராஸ், சஃபீர், ஸ்காராப், ரோசா. மெட்ராஸ் இரு நாடுகளும் சேர்ந்து செய்தது. சஃபீரும் ஸ்காராபும் பிரான்ஸுடையவை. ரோசா இத்தாலியிலிருந்து வந்தது. ஜிபிஎஸ் சமிக்ஞை வளிமண்டலத்தின் ஓரம் வழியாக வரும்போது எவ்வளவு வளைகிறது என்று அளந்து, அதிலிருந்து வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கணக்கிடுவது ரோசாவின் வேலை.

மெட்ராஸ் கருவி மழையை எப்படி அளந்தது?

பூமி, கடல், மேகம் எல்லாமே தம் வெப்பத்துக்கேற்ப மெல்லிய மைக்ரோவேவ் அலைகளை வெளியிடுகின்றன. மெட்ராஸ் எதையும் அனுப்பாது, அந்த அலைகளை வாங்கி அளக்கும், அவ்வளவுதான். 18.7, 23.8, 36.5, 89, 157 கிகாஹெர்ட்ஸ் என்று ஐந்து அலைவரிசைகளில் ஒன்பது தடங்களாக (சேனல்களாக) கேட்டது.

கடலுக்கு மேலே கணக்கு எளிது. கடல்நீர் மைக்ரோவேவில் மங்கலாக, குளிர்ந்ததுபோலத் தெரியும். அதற்கு மேலே மழைத்துளிகள் பளிச்சென்று தெரியும். 18.7 கிகாஹெர்ட்ஸ் இதற்கு உதவியது. 23.8 மொத்த நீராவிக்கு, 36.5 மேகத்தில் உள்ள நீருக்கு.

நிலத்தில் இது பலிக்காது. நிலமே மைக்ரோவேவில் பளிச்சென்று இருப்பதால் மழைத்துளி தனியாகத் தெரியாது. அங்கே 89, 157 கிகாஹெர்ட்ஸ் கைகொடுக்கும். உயரமான இடிமேகத்தின் மேற்பகுதியில் இருக்கும் பனிக்கட்டித் துகள்கள், கீழிருந்து வரும் இந்த அலைகளைச் சிதறடிக்கும். அந்த இடம் மட்டும் திடீரென்று குளிர்ந்ததுபோலக் காட்டும். பனி எவ்வளவு என்று தெரிந்தால் கீழே மழை எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடலாம். மதிப்பீடுதான், அளவீடு அல்ல. நிலத்து மழையைச் செயற்கைக்கோளிலிருந்து சொல்வது இன்றுவரை கடினமான வேலையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மெட்ராஸ் பழுதாகிவிட்டதாமே, அப்படியானால் திட்டம் தோல்விதானா?

பழுதானது உண்மை. மெட்ராஸின் ஆண்டெனா இடைவிடாமல் சுழன்றுகொண்டே பார்க்க வேண்டும். 2013 ஜனவரியில் அந்தச் சுழற்சி அமைப்பில் கோளாறு வந்தது, அதற்குப்பின் கருவியிலிருந்து பயனுள்ள தரவு இல்லை. திட்டத்தின் முதன்மைக் கருவி ஏறத்தாழ 15 மாதத்தில் நின்றுபோனது பெரிய இழப்பு. அதைச் சிறிதாக்கிச் சொல்வது பல ஆண்டுகள் அதற்காக உழைத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் தோல்வி என்று சொல்ல என்னால் முடியாது. மூன்று கருவிகள் மிச்சம் இருந்தன, பாதை அப்படியே இருந்தது. அந்தப் பாதையில் நாளுக்குப் பல முறை ஈரப்பதம் அளக்கும் சஃபீர் போன்ற வேறொரு கருவி அப்போது உலகில் எங்கும் இல்லை. அதன் மதிப்பு வருடம் போகப்போகக் கூடிக்கொண்டே போனது.

சஃபீர் அப்படி என்ன செய்தது?

நீராவி 183.31 கிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவை மிக வலுவாக உறிஞ்சும். சஃபீர் அந்த ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு தடங்களில் அளந்தது. புள்ளிக்கு மிக அருகில் உள்ள தடத்தில், கீழிருந்து வரும் அலை எல்லாம் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், உச்சியில் உள்ள நீராவி மட்டுமே தெரியும். புள்ளியிலிருந்து விலக விலக இன்னும் கீழே, இன்னும் கீழே என்று தெரியும். ஆறையும் சேர்த்துப் பார்த்தால் தரைக்குச் சற்று மேலிருந்து பத்து, பன்னிரண்டு கி.மீ. உயரம் வரை ஈரப்பதம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கிடைத்துவிடும். நேர் கீழே பார்க்கும்போது அது ஒரே அளவீட்டில் பார்க்கும் இடத்தின் அகலம் 10 கி.மீ.

உயரத்தில் உள்ள இந்த ஈரப்பதத்துக்கு ஏன் இத்தனை பாடு? நீராவியே ஒரு பசுமைக்குடில் வாயு. பூமி சூடானால் காற்றில் நீராவி கூடும், அது சூட்டை மேலும் கூட்டும். இதில் மேல் வளிமண்டலத்தில் உள்ள கொஞ்சம் நீராவிக்கு அதன் அளவுக்கு மீறிய பங்கு உண்டு. ஆனால் பலூனில் கட்டி அனுப்பும் கருவிகளுக்கு அந்த உயரத்து உலர்ந்த, குளிர்ந்த காற்றில் ஈரப்பதத்தைச் சரியாக அளப்பது சிரமம். வெப்பமண்டலக் கடல்களுக்கு மேலே பலூன் விட ஆளும் இல்லை.

ஸ்காராப் எதற்கு?

சூரியனிடமிருந்து வருவதில் எவ்வளவு திருப்பி அனுப்பப்படுகிறது, பூமி தானாக எவ்வளவு வெப்பத்தை வெளியிடுகிறது என்ற வரவு செலவுக் கணக்குக்கு. இதே வகைக் கருவி 1990களில் ரஷ்யச் செயற்கைக்கோள்களில் பறந்திருக்கிறது. ஒரு மேகக்கூட்டம் வெயிலைத் தடுத்துக் குளிர்விக்கிறதா, வெப்பத்தைப் பிடித்துவைத்துச் சூடாக்குகிறதா என்பதை அதே நேரத்தில் சஃபீர் அளந்த ஈரப்பதத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது.

புயல் எச்சரிக்கைக்கு உதவியதா?

உதவியது, இரண்டு வழியில். கடலுக்கு மேலே புயல் உருவாகும்போது அதன் தலையில் மெல்லிய உயர்மேகம் விரிந்து மூடிக்கொள்ளும். சாதாரண மேகப்படத்தில் கண் எங்கே, மழை வளையம் எங்கே என்று தெரியாது. மைக்ரோவேவுக்கு அந்த மூடல் ஒரு தடையே இல்லை.

இரண்டாவது வழிதான் அதிக நாள் நீடித்தது. வானிலையை முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகள், இந்த நிமிடம் வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்ற தரவிலிருந்துதான் தொடங்குகின்றன. தொடக்கம் தவறானால் முடிவும் தவறு. சஃபீரின் ஈரப்பதத் தரவு ஐரோப்பிய நடுத்தரகால வானிலை மையம், பிரான்ஸின் வானிலைத் துறை, நொய்டாவில் உள்ள நம் நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையம் போன்றவற்றின் மாதிரிகளில் சேர்க்கப்பட்டது.

ஆனால் தனியாக இந்தச் செயற்கைக்கோளை மட்டும் வைத்து நாளை உங்கள் தெருவில் மழை வருமா என்று யாரும் சொல்ல முடியாது. ரேடார், தரை நிலையங்கள், கடல் மிதவைகள், மற்ற செயற்கைக்கோள்கள் எல்லாம் சேர்ந்துதான் முன்னறிவிப்பு.

ஜிபிஎம் என்ற உலக மழைத் திட்டத்தில் இதற்கு என்ன பங்கு?

நாசாவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் 2014 பிப்ரவரியில் அனுப்பிய ஜிபிஎம் முதன்மைச் செயற்கைக்கோள், பல நாடுகளின் செயற்கைக்கோள்களை ஒரு கூட்டாகச் சேர்த்து உலக மழையைக் கணிக்கிறது. மேகா-ட்ராபிக்ஸ் அந்தக் கூட்டில் ஓர் உறுப்பினராக இருந்தது. அரை மணிக்கு ஒரு வரைபடமாக வரும் ஜிபிஎம் மழைக் கணக்கில் சஃபீரின் அளவீடுகளும் சேர்ந்திருக்கின்றன. மழை அளக்கவே உருவாக்காத ஒரு கருவியை மழைக்கும் பயன்படுத்த வழி கண்டுபிடித்த ஆய்வாளர்களைப் பாராட்ட வேண்டும்.

அதே ராக்கெட்டில் தமிழ்நாட்டு மாணவர்களின் செயற்கைக்கோளும் போனதா?

போனது. சென்னையை ஒட்டிய காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த எஸ்ஆர்எம்சாட், எடை சுமார் 11 கிலோ. கூடவே கான்பூர் ஐஐடியின் 3 கிலோ ஜுக்னு, லக்சம்பர்க்கின் வெசல்சாட்-1 இரண்டும் போயின.

தரவை நாமும் பார்க்கலாமா?

பார்க்கலாம். இந்தியாவில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மாஸ்டாக் இணையதளம் வழியாக, பிரான்ஸில் லீல் நகரிலுள்ள ஐகேர் மையம் வழியாக. கல்லூரியில் இயற்பியல், புவியியல், கணினி எது படித்தாலும் சரி, ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இந்தப் பத்தாண்டுத் தரவைத் தொட்டுப் பாருங்கள் என்றே சொல்வேன். செயற்கைக்கோள் போய்விட்டது, தரவு போகவில்லை. 13 டிகிரியைச் சுற்றிய பகுதிக்கு இவ்வளவு அடர்த்தியான ஈரப்பதப் பதிவு வேறெங்கும் சுலபத்தில் கிடைக்காது.

இப்போது அந்தச் செயற்கைக்கோள் எங்கே?

இல்லை. 2023 மார்ச் 7 அன்று கட்டுப்பாட்டோடு கீழே இறக்கி, பசிபிக் பெருங்கடலில் ஆட்கள் இல்லாத பகுதிக்கு மேலே வளிமண்டலத்தில் எரிந்துபோகச் செய்தார்கள்.

எளிதாக நடந்த காரியம் இல்லை. ஆயுள் முடிந்ததும் இப்படிக் குறிபார்த்து இறக்குவதற்கென்று அது வடிவமைக்கப்படவே இல்லை. நல்லவேளையாகத் தொட்டியில் சுமார் 125 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. 2022 ஆகஸ்ட் முதல் கொஞ்சம் கொஞ்சமாக இருபது முறை உந்திகளை (செயற்கைக்கோளில் உள்ள சிறு எஞ்சின்களை) இயக்கிப் பாதையைத் தாழ்த்தினார்கள். கடைசி நாளில் நான்கு உந்திகளை ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் அளவுக்கு இரண்டு தடவை எரித்ததும், பாதையின் தாழ்ந்த முனை 80 கி.மீ.க்கும் கீழே போய்விட்டது. அங்கே காற்றின் உராய்வு மீதியைப் பார்த்துக்கொண்டது.

தானாக விழட்டும் என்று விட்டிருக்கலாமே?

விட்டிருந்தால் நூறு ஆண்டுக்கும் மேல் அங்கேயே சுற்றியிருக்கும். 867 கி.மீ. உயரத்தில் காற்று அவ்வளவு குறைவு. பயன்படாத ஒரு டன் உலோகம், உள்ளே மிச்ச எரிபொருளோடு, மற்ற செயற்கைக்கோள்கள் நிறைந்த உயரத்தில் ஒரு நூற்றாண்டு சுற்றுவது யாருக்கும் நல்லதல்ல. ஒரே ஒரு மோதல் ஆயிரக்கணக்கான துண்டுகளை உண்டாக்கிவிடும். வேலை முடித்த ஒன்றைப் பத்திரமாக அப்புறப்படுத்த மாதக்கணக்கில் மெனக்கெட்டது இஸ்ரோ செய்த மிகப் பொறுப்பான வேலைகளில் ஒன்று என்பது என் கருத்து.

இதற்குப் பதிலாக இப்போது வேறு ஏதாவது பறக்கிறதா?

அதே 20 டிகிரிப் பாதையில் இந்தியாவும் பிரான்ஸும் இரண்டாவது மேகா-ட்ராபிக்ஸை அனுப்பவில்லை. இரு நாடுகளும் 2013 பிப்ரவரியில் கடல் மட்டம் அளக்கும் சரல் என்ற செயற்கைக்கோளை அனுப்பின, நிலத்தின் வெப்பத்தை அளக்கும் த்ரிஷ்ணாவுக்கும் கைகோத்திருக்கின்றன. அவற்றின் வேலை வேறு.

மேகா-ட்ராபிக்ஸின் வேலைக்கு ஓரளவு நெருக்கமானது நாசாவின் ட்ராபிக்ஸ் திட்டம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒரு பெரிய செயற்கைக்கோள் அல்ல, கையில் தூக்கக்கூடிய அளவுள்ள சின்னச் சின்னச் செயற்கைக்கோள்களின் கூட்டம். 2022 ஜூனில் முதல் இரண்டு, ராக்கெட் கோளாறால் பாதையை அடையவில்லை. 2023 மே மாதத்தில் நியூசிலாந்திலிருந்து இரண்டு ராக்கெட்டுகளில் நான்கு போய்ச் சேர்ந்தன. அவையும் வெப்பமண்டலத்தை விட்டு அதிகம் விலகாத தாழ்ந்த சாய்வில் சுற்றி, மைக்ரோவேவில் புயல்களைப் பார்ப்பதற்கானவை. பல சின்னவை சேர்ந்து சுற்றுவதால், மேகா-ட்ராபிக்ஸுக்கு இருந்த அந்த அரை நாள் இடைவெளியும் பெருமளவு அடைபடும்.